கையில் ஒட்டாத வாயு

1

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னால் யாருக்கும் கேஸ் கனெக்‌ஷன் வாங்கித் தர முடியாது.

பத்து வருடமாகக் கத்தாரில் ஓர் எரிவாயு ஆலையில் வேலை பார்க்கிறேன். லீவில் வந்து திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் யாராவது வழிமறித்து, "நீ கேஸ் கம்பெனியிலதானப்பா இருக்க, எங்களுக்கு ஒரு சிலிண்டருக்குச் சொல்லிவிடக் கூடாதா?" என்று கேட்டுவிடுகிறார்கள். என் மாமனார் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் இருந்தவர், உலகம் தெரிந்த மனிதர். அவரே ஒரு முறை கத்தாருக்குப் போன் போட்டு, "மாப்ள, பதிவு பண்ணி மாசம் ஆகப்போகுது, இன்னும் சிலிண்டர் வரல. அங்கன மேலதிகாரிக கிட்டச் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்க" என்றார். நான் பேசுவதாகச் சொன்னேன். இரண்டு நாளில் சிலிண்டர் வந்துவிட்டது. அதிலிருந்து விருதுநகரில் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் மனம் வரவில்லை.

உண்மையில் அந்த வாயு வேறு, எங்கள் வாயு வேறு. சிலிண்டரில் வருவது பெரும்பாலும் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. எங்களுடையது கடலுக்கு அடியில், பாறைக்குள் அடைந்து கிடப்பது. எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு கூட வரும் இந்த வாயுவை ஒரு காலத்தில் தொல்லை என்று நினைத்து அங்கேயே கொளுத்திவிடுவார்களாம். இன்று இதற்காகவே கிணறு தோண்டுகிறார்கள். மைனஸ் நூற்று அறுபது டிகிரிக்கும் கீழே குளிரவைத்தால் வாயு தண்ணீர் மாதிரி ஆகிவிடும், அறுநூறு குடம் கொள்ளுகிற வாயு ஒரு குடத்துக்குள் அடங்கிவிடும். அதைக் கப்பலில் ஏற்றி ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் அனுப்புகிறோம். இப்போது சில வருடங்களாகக் குஜராத்துக்கும் போகிறது. நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுத்த ஊர்களெல்லாம் புகை குறைவு என்று இதற்கு மாறுகின்றன. உர ஆலைகள் இதைக் கேட்கின்றன. நான் வந்தபோது ஆலையைச் சுற்றி வெறும் மணல்தான். இன்று கண்ணுக்கு எட்டிய தூரம்வரை குழாய்கள். கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நிற்கின்றன. குஜராத் கப்பல் புறப்படும்போது மட்டும் நான் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன். சில நாளில் அது நம் நாட்டுக் கரையைத் தொட்டுவிடும். எனக்கு லீவு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. வீட்டுச் சிலிண்டரில் வருகிற நாற்றம்கூட, கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலப்பதுதான். எங்கள் ஆலையில் அது கலப்பதில்லை. அதனால் மூக்குக்குப் பதிலாக எங்கு பார்த்தாலும் மோப்பம் பிடிக்கிற கருவிகளை மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவிகளைச் சோதித்துச் சரியாக வைத்திருப்பதுதான் என் வேலை.

2

போன மே மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் நின்றுவிட்டது.

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினபோதே பக்கத்து வீட்டு மலையாளி நண்பர் சொல்லிவிட்டார், பம்ப் ரிப்பேர், ஆள் வந்திருக்கிறது என்று. நான் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். இந்த ஊரின் மே மாதம் எப்படி என்று தெரிந்தவர்களுக்கு அதன் கொடுமை புரியும். சாயங்காலம் ஆனாலும் சுவர் சுடும், காற்று அடித்தால் அதுவும் சுடும்.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி செல்வி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஏன் வெளியவே உக்காந்துட்டீக?"

"தண்ணி வரலையாமே."

"வரலைன்னா என்ன? உள்ள வாங்க, ஏசி ஓடுது."

"குளிக்காம எப்படி வர்றது?"

செல்விக்கு இது புதிதல்ல. வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு யாரையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குப் போவேன். குளித்து, வேறு துணி மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் நடமாட்டம். விருதுநகரில் தன் அக்கா தங்கைகளிடம் அவள் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், "எங்க வீட்டுக்காரக அம்புட்டுச் சுத்தம்" என்று. ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் பெருமை எதுவும் இல்லை.

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து என் மகள் தர்ஷினியின் குரல் வந்தது. அவளுக்கு எட்டு வயது.

"அம்மா, கதவைச் சாத்துங்க, ஹீட் உள்ள வருது. அப்பா இன்னும் குளிக்கலை. இப்ப வர மாட்டாங்க."

குரலில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. வெளியே வெயில் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

படியில் உட்கார்ந்தபடி யோசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மலையாளியும் என் ஆலையில்தான் வேலை பார்க்கிறார். அவர் பஸ்ஸை விட்டு இறங்கினதும் அவருடைய பிள்ளைகள் ஓடிவந்து, வேலைத் துணியோடு இருக்கிற மனிதரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும். தினமும் நான் பார்க்கிற காட்சிதான். பார்க்கும்போதெல்லாம், எவ்வளவு அஜாக்கிரதையான மனிதர் என்றுதான் நினைத்திருக்கிறேன். என் மகள் ஒரு நாளும் என்னைப் பார்த்து ஓடிவந்ததில்லை. நான் குளித்து முடித்து வரும்போது அவள் வீட்டுப்பாடத்தில் இருப்பாள், அல்லது டிவியில் இருப்பாள். நான் போய்த் தலையைத் தடவுவேன். அவள் கண்ணை எடுக்காமல் தலையைக் காட்டுவாள்.

தண்ணீர் வந்தபோது இருட்டியிருந்தது. குளித்துவிட்டு வந்தேன். சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே செல்வி கேட்டாள்.

"கேக்குறேன்னு கோவிச்சுக்காதீக. உங்க ஒடம்புல அப்படி என்னதான் ஒட்டியிருக்கு?"

மோப்பக் கருவி வைத்திருக்கிறவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. வாயு முழுக்கக் குழாய்க்குள் போகிறது, தப்பி வந்தாலும் காற்றோடு போய்விடும். துணியில் தங்காது, தோலில் தங்காது. இது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் குளித்துக்கொண்டிருந்தேன்.

3

இந்தப் பழக்கம் கத்தாரில் வந்ததல்ல.

எனக்கு ஆறு வயதில் அம்மா தவறிவிட்டாள். அப்பா குருசாமி கிடைத்த காட்டு வேலைக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். மழை பொய்த்த வருடங்களில் அதுவும் இல்லை. அக்கா முத்துமாரிதான் பட்டாசு கம்பெனிக்குப் போய் வீட்டை நடத்தினாள். அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. விடியும் முன்னால் கம்பெனி பஸ் வரும், பொழுது சாயும் நேரம் கொண்டுவந்து விடும். அவளுக்குப் புஸ்வாணத்துக்கு மருந்து ஏற்றுகிற வேலை. அலுமினியப் பவுடர் ஒட்டி, முழங்கைவரை வெள்ளியில் வார்த்த மாதிரி இரண்டு கைகளோடு வருவாள்.

பட்டாசு வேலைக்குப் போகிற வீடுகளில் யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. மருந்தைத் தொட்டவர்கள் குளிக்கிற வரைக்கும் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது. சேலை மடிப்பில் இருக்கிற தூள் போதும், ஒரு பொறி பட்டால் முடிந்தது. பிள்ளை கையில் ஒட்டினால் அது அடுப்புக்கும் போகும், வாய்க்கும் போகும். அதனால் எங்கள் வீட்டில் தீப்பெட்டி என் பொறுப்பு. அக்கா வாசலுக்கு வெளியே, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுப்பாள். "சுள்ளிய அடியில வையிலே. ஊது. கண்ணத் தள்ளி வச்சுக்கிட்டு ஊது." உலை வைத்துவிட்டேன் என்று நான் குரல் கொடுத்த பிறகுதான் குளிக்கப் போவாள். சோறு ஆக்க அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் செல்விக்குக் காய்ச்சல் என்றால் சமையல் என்னுடையது, நன்றாகவே இருக்கும்.

ஒரு நாள் விளையாடும்போது விழுந்து முழங்கால் கிழிந்துவிட்டது. ரத்தம். பஸ் வந்து நின்றது, அக்கா இறங்கினாள். நான் அழுதுகொண்டே அவளை நோக்கி ஓடினேன். அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"வராதலே. கிட்ட வராத. அங்கனயே நில்லு."

நான் நின்றேன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று அழுதோம். பிறகு அவள் ஓடினாள். கட்டியிருந்த சேலையோடு தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றினாள். சீயக்காயைக் கையில் போட்டு அரக்கித் தேய்த்தாள். சொட்டச் சொட்ட வந்து என்னைத் தூக்கினாள். அந்த ஈரச் சேலையின் குளிர்ச்சி எனக்கு இன்னும் தெரிகிறது. என்னைப் பொறுத்தவரை பாசம் என்றால் அதுதான். எங்கள் வீட்டில் அது தண்ணீரைத் தாண்டித்தான் வந்தது.

தர்ஷினி பிறந்து, ஆஸ்பத்திரியில் முதல் முறை அவளை என் கையில் கொடுக்க வந்தபோது, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன். நர்ஸ் பாராட்டினாள்.

4

அந்தக் கோடை லீவுக்கு ஊருக்கு வந்தோம். செல்வியையும் மகளையும் விருதுநகரில் மாமனார் வீட்டில் கொஞ்ச நாள் விட்டுவிட்டு நான் திருத்தங்கலில் இருந்தேன். அக்காவின் கணவர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அக்கா தனியாக இருந்துகொண்டு இன்னும் கம்பெனிக்குப் போகிறாள். போக வேண்டாம், நின்றுவிடு என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "வீட்ல உக்காந்து யார் மொகத்தப் பாக்க?" என்பாள். இந்த முறை ஒரு கேஸ் அடுப்பாவது வாங்கி வைத்துவிடுவது என்று தீர்மானமாக வந்தேன். ஊருக்கெல்லாம் சிலிண்டர் கொடுக்கிறவன் என்று பெயர், அக்கா வீட்டில் விறகு எரிகிறது.

கனெக்‌ஷனுக்கு ரேஷன் கார்டு வேண்டும் என்றார்கள். கார்டைக் கொண்டுபோனோம். அதில் என் பெயரும் இருந்தது. கத்தாரில் இருக்கிறவன் பெயர் இதில் எப்படி, நீக்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். தாலுகா ஆபீசில் இரண்டு நாள். மூன்றாம் நாள் உட்கார்ந்திருந்த அலுவலர் அக்காவிடம், "பத்து வருஷமா வெளிநாட்ல இருக்காரு, ஏம்மா எடுக்கல?" என்று கேட்டார்.

"லீவுக்கு வந்தா அவன் சாப்பிட மாட்டானா?" என்றாள் அக்கா.

அலுவலர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தாரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று போட்டுவிட்டதால் அங்கே நான் மிஸ்டர் குருசாமி. விமானம் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே போன என் அப்பாவை அரபிக்காரர்கள் தினமும் கூப்பிடுகிறார்கள். என் பெயர் முழுசாக இருந்த ஒரே இடம் அந்த ரேஷன் கார்டுதான். அன்றைக்கு அதிலும் கோடு விழுந்தது.

சிலிண்டர் வந்து இறங்கியது. அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். அவள் பயந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"தினமும் மருந்துக்குள்ள உக்காந்திருக்க. இதுக்குப் போய் பயப்படுறியேக்கா?"

"மருந்து எங்கன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும்லே. கையில இருக்கா, சேலையில இருக்கான்னு பாத்துக் கழுவிக்கிடலாம். இது எங்கன இருக்குன்னு யாரு கண்டா?"

"கசிஞ்சா நாத்தம் வரும்க்கா. அதுக்குன்னே சேத்திருக்காங்க."

"நீ வேல பாக்கிற எடத்துல?"

"அங்க நாத்தமும் கிடையாது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிலிண்டர் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினாள்.

செல்வியும் தர்ஷினியும் வந்து சேர்ந்தது அதற்கடுத்த வாரம். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்தது. நாங்கள் வாசலில் நின்றிருந்தோம். அக்கா இறங்கி வந்தாள். குழந்தையைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டு கைகளும் மேலே போய்விட்டன.

"கிட்ட வராத தாயி. அத்தை குளிச்சிட்டு ஓடி வாரேன்."

போன முறை தர்ஷினி விருதுநகரிலேயே இருந்துவிட்டாள், அத்தை வேலை முடிந்து வருவதை அவள் பார்த்ததில்லை. பயந்துவிடுவாளோ என்று பார்த்தேன். அவள் பயப்படவில்லை. அந்த வெள்ளிக் கைகளை வியப்பாகப் பார்த்துக்கொண்டு, "தெரியும் அத்தை, எங்க அப்பாவும் இப்படித்தான். குளிச்சாத்தான் தொடுவாங்க" என்றாள்.

அக்காவின் கைகள் மேலேயே நின்றன. குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தொட்டிப் பக்கம் போனாள்.

குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏலே, அங்கன கையில என்னத்தத் தொடுத?"

"ஒண்ணும் தொடுறதில்லக்கா. எல்லாம் குழாய்க்குள்ள போகுது. நான் மிஷினப் பாக்குறேன்."

"மேல ஒட்டுமா?"

"ஒட்டாது."

"வாடை?"

"கிடையாது."

"அப்புறம் என்ன எழவுக்குப் பிள்ளைய எட்ட நிறுத்துத?"

"பழகிருச்சுக்கா."

அவள் துண்டைக் கொடியில் போட்டாள்.

"எனக்கு என்ன, தம்பியத் தூக்கணும்னு ஆசை இல்லாமயா எட்ட நின்னேன்? எம்புட்டு நாள் கம்பெனியில உக்காந்து, இன்னைக்காவது எறங்குனதும் தூக்கிருவமான்னு நெனச்சிருக்கேன். எனக்கு வழியில்ல, நின்னேன். உனக்கு அந்த இக்கட்டு இல்லையேலே."

அக்கா என்னைத் திட்டியிருக்கிறாள், அடித்தும் இருக்கிறாள். இந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை.

5

நாங்கள் கிளம்புகிற நாளில் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. தீபாவளி ஆர்டர் மலை மாதிரி கிடந்தது, சீசனில் கேட்டாலும் தர மாட்டார்கள். திருவனந்தபுரத்தில் விமானம். அக்கா வந்து, குளித்து, குழந்தையைக் கொஞ்சிவிட்டு வழியனுப்புகிற மாதிரி வேன் சொல்லியிருந்தேன். டிரைவரோ வழியில் பாலம் வேலை நடக்கிறது என்று சொல்லி அவசரப்படுத்திவிட்டார். பெட்டியெல்லாம் ஏற்றி, ரோட்டோரத்தில் வேனை நிறுத்தி, பஸ் வந்தால் ஜன்னல் வழியாகக் கையாவது அசைக்கலாம் என்று காத்திருந்தோம்.

பஸ் வந்து எதிரில் நின்றது. அக்கா இறங்கினாள். தர்ஷினி வேன் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். நான் "ரோட்டப் பாத்து" என்று கத்துவதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டாள். நேராகப் போய் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

என் மகள் ஒருவரை நோக்கி அப்படி ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்காவின் கைகள் மேலே போயின. அப்படியே நின்றாள். பஸ்ஸிலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுப்பு பக்கத்தில் இல்லை, இனி குளித்துவிட்டு வந்து கொஞ்சுவதற்கு நேரமும் இல்லை. ஒரு கை இறங்கியது. பிறகு இன்னொரு கை. குழந்தையின் முதுகில் இரண்டையும் வைத்து இறுக்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"முத்துமாரி, பிள்ளை சட்டை போச்சு போ" என்று பஸ்ஸிலிருந்து ஒருத்தி சொன்னாள்.

அக்கா விடவில்லை.

குழந்தை வேனுக்குத் திரும்பியபோது அவளுடைய நீலக் கவுனின் முதுகில் இரண்டு வெள்ளிக் கைகள் பதிந்திருந்தன. செல்வி சிரித்தாள். கவுனை மாற்ற வேண்டும், கையைக் கழுவ வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. செல்வியை விடுங்கள். மோப்பக் கருவியோடு பத்து வருடம் குப்பை கொட்டிய எனக்கே தோன்றவில்லை. காலமெல்லாம் தேவையில்லாமல் குளித்தவன், குளிக்கவேண்டிய அன்றைக்குக் கோட்டை விட்டேன்.

விமான நிலையத்தில் சோதனை வரிசை. அங்கே எல்லோரையும் துடைத்துப் பார்ப்பதில்லை, நடுநடுவே சிலரை நிறுத்துவார்கள். எங்களை நிறுத்தினார்கள். ஒரு பெண் அதிகாரி சின்னத் துணித் துண்டை எடுத்து என் உள்ளங்கைகளைத் துடைத்து மெஷினில் வைத்தார். சத்தமில்லை. செல்வி, சத்தமில்லை. தர்ஷினியின் கையைத் துடைத்து வைத்தார். மெஷின் கூவியது.

வெடிமருந்து. எட்டு வயதுப் பிள்ளை கையில்.

அதற்கப்புறம் நடந்ததை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டாம். இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கைப்பைகளைக் கவிழ்த்தார்கள். அங்கே என்ன வேலை என்று என்னைக் கேட்டார்கள். எரிவாயு ஆலையில் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், அவர்கள் முகம் இன்னும் மாறியது. விமானத்துக்குக் கடைசி அழைப்பு எப்போது வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். லீவு முடிந்து ஒரு நாள் பிந்தினாலும் அங்கே பதில் சொல்ல வேண்டும்.

பெண் அதிகாரி குனிந்து தர்ஷினியிடம் தமிழில் கேட்டார். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு.

"மக்ளே, கையில என்ன தொட்ட?"

"அத்தையை" என்றாள் தர்ஷினி. திரும்பி முதுகைக் காட்டினாள். "இது அத்தை கை."

அதிகாரி அந்த இரண்டு கைகளையும் பார்த்தார்.

"அத்தை என்ன வேலை பாக்கா?"

"புஸ்வாணம்."

அதிகாரி நிமிர்ந்து என்னிடம், "சிவகாசியா?" என்றார்.

"திருத்தங்கல்."

அவர் மற்றவர்களிடம் இந்தியில் ஏதோ சொன்னார். ஒருவர் சிரித்தார், ஒருவர் சிரிக்கவில்லை. செல்வி குழந்தையைக் கூட்டிப்போய்க் கவுனை மாற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக் கூட்டிவந்தாள். முகவரி எழுதிக்கொண்டார்கள். கவுனை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையில் கொடுத்தார்கள். மறுபடி துணித் துண்டு, மறுபடி மெஷின். எல்லோரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது வாயைத் திறக்கவில்லை.

"சரி, வாங்க" என்றார் அதிகாரி.

விமானம் ஏறியதும் தர்ஷினி கேட்டாள். "அப்பா, உங்க கையைத் துடைச்சாங்கள்ல, ஏன் சத்தம் வரலை?"

"அப்பா வேலையில கையில ஒண்ணும் ஒட்டாதும்மா."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

யோசித்தாள். "அப்ப எதுக்குக் குளிக்கிறீங்க?"

செல்வி கேட்டாள், அக்கா கேட்டாள், இப்போது இவளும் கேட்டுவிட்டாள். நான் அவளுக்கு முழங்கால் கிழிந்த கதையைச் சொன்னேன். ஈரச் சேலைக்கு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

6

திரும்பி வந்து முதல் நாள் வேலை. குஜராத்துக்கு ஒரு கப்பல் நிரம்பிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். "கேஸப் பத்த வச்சியாக்கா?" என்றேன். "வச்சேன், வச்சேன். குளிச்சிட்டுத்தான்" என்றாள். சுடுதண்ணி நாலே நிமிஷத்தில் கொதிக்குது, இந்தச் சனியனை முதல்லயே வாங்கித் தராம என்ன பண்ணின என்று என்னையே திட்டினாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மலையாளி நண்பரின் பிள்ளைகள் ஓடிவந்து அவர் கழுத்தில் தொங்கின. நான் வீட்டுக் கதவைத் திறந்து செருப்பைக் கழற்றினேன். கால் தானாகக் குளியலறைப் பக்கம் திரும்பியது. அதை இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. கூடத்துக்குள் இரண்டு அடி வைத்துவிட்டு, அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

சோபாவில் படித்துக்கொண்டிருந்த தர்ஷினி என்னைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள்.

"குளிக்கலையா?"

"இல்லை."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். மேஜையிலிருந்து ஒரு டிஷ்யூ காகிதத்தை உருவிக்கொண்டு வந்து, ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"கையைக் காட்டுங்க."

நீட்டினேன். உள்ளங்கையைத் துடைத்தாள். விரல்களுக்கு இடையிலும் துடைத்தாள், அந்த அதிகாரியைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு. பிறகு காகிதத்தைத் தன் டிபன் டப்பாவுக்குள் போட்டு மூடி, மேஜைமேல் வைத்தாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்படி வாசலில் செல்வி கரண்டியோடு நின்றாள். நானும் நின்றேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, விமான நிலையத்தில்கூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளவில்லை.

டப்பா ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, வாங்க" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.